இங்கே கூடாது என்றால் எங்கே?

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பரிடம் 'பட்டாசு' என்று தலைப்புச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதான் வருஷா வருஷம் ஒண்ணு வருதே!" என்றார். உண்மைதான். பருத்தித் துணி உடுத்துங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள், குனிந்து பார்க்காதீர்கள் என்று ஒவ்வொரு மலரிலும் ஒரு பட்டாசுக் கட்டுரை இருக்கத்தான் செய்கிறது. வெடிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் நம் சீனியர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். நான் எழுத வந்தது பட்டாசைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் சில எண்களைப் பற்றி. அந்த எண்களில் ஒன்று போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். நாமெல்லாம் எண்களைக் கண்டு பயப்படாத பிள்ளைகள் அல்லவா?

வெடிமருந்துச் சட்டம் 1884-ல் வெள்ளைக்காரன் போட்டது. அதன் கீழ் 1940-ல் ஒரு விதித்தொகுப்பு, 1983-ல் ஒன்று, பிறகு 2008-ல் ஒன்று வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது 1999-ல் வந்த அறிவிப்பு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தமிடும் பட்டாசு வெடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னது. 2018 அக்டோபரில் அதே நீதிமன்றம் தீபாவளியன்று இரண்டே மணி நேரம்தான் என்றது. நம் மாநிலத்தில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொடுத்தார்கள். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிப்பது நம் வழக்கம். இரவு மட்டும்தான் என்றால் தமிழ்நாட்டில் அது பாதி தீபாவளிதானே! சரவெடிக்கும் பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுக்கும் தடை வந்ததும் அந்தத் தீர்ப்பில்தான்.

இவையெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாத எண் ஒன்று இருக்கிறது. அது நாலு. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

ஏன் நாலு? நம் முதலாண்டு வேதியியலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெடி உப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றும் தனித்தனியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. கலந்தபிறகு ஓர் உராய்வு போதும், ஒரு பாத்திரம் தவறிக் கீழே விழுந்தால் போதும். ஈரம் பட்டால் அலுமினியம் தானாகவே சூடேறும். அதனால்தான் மிச்சமாகும் கலவையை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்கிறார்கள். நம் மின் துறை நண்பர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் பூமிக்குப் போய்விட வேண்டும் என்பதற்காக. எர்த்திங் பற்றி மூன்று மார்க் கேள்விக்கு நாம் எழுதும் பதிலை, சிவகாசிப் பக்கம் ஓர் அம்மா தினமும் கையால் தொட்டு எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனைக்கும் மேல் ஒரு நாள் தவறு நடந்தே தீரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி நடக்கும் நாளில் நாற்பது பேர் போகாமல் நாலு பேரோடு நிற்கட்டும் என்ற கணக்கில்தான் அறைக்கு நாலு பேர், அறைக்கும் அறைக்கும் இடைவெளி. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் குரூரமான கணக்குதான். ஆனால் நேர்மையான கணக்கு.

இந்த நாலு எப்படி ஐந்தாகிறது, பத்தாகிறது? அங்கே கூலி பெரும்பாலும் செய்கிற எண்ணிக்கைக்குத்தான். கிராஸுக்கு இவ்வளவு என்று பேச்சு. தீபாவளி நெருங்கினால் ஆர்டர் கூடும், ஆள் கூடும், அறை மட்டும் கூடாது. லைசென்ஸ் வாங்கியவர் ஒருவர், அவரிடம் அறைகளை உள்குத்தகைக்கு எடுத்துத் தயாரிப்பவர் வேறொருவர் என்று ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்றே தெரியாமல் போகிறது. அங்கே லைசென்ஸிலேயே வகை உண்டு. சின்ன ஆலைக்கு டி.ஆர்.ஓ. லைசென்ஸ், பெரிய ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸ் என்பார்கள். வெடிபொருள் துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருப்பதால் அந்தப் பெயர்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் அதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. இறந்தவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்க வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12-ல் விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் போனார்கள். அங்கே பேச்சு மறுபடியும் உள்குத்தகைதான்.

ஆலையோடு முடிந்தால் பரவாயில்லை. 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் கடைத்தெருவில் இருந்த பட்டாசுக் கடை தீப்பிடித்தது. பக்கத்துப் பேக்கரியில் இருந்த கேஸ் சிலிண்டர்களும் சேர்ந்து வெடித்தன. 2023 அக்டோபர் 7-ல் ஓசூரைத் தாண்டிய அத்திப்பள்ளியில், லாரியில் வந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கடையும் குடோனும் சேர்ந்து எரிந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுப் பையன்கள். தருமபுரி மாவட்டத்தில் ஒரே ஊரிலிருந்து பல பேர். படித்துக்கொண்டே தீபாவளி சீசனுக்கு நாலு காசு சம்பாதிக்கலாம் என்று போனவர்கள் அதில் உண்டு. நம் வயதுதான். நம் விடுதியிலும் செமஸ்டர் லீவில் ஏதாவது வேலைக்குப் போகாதவர் எத்தனை பேர்?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். சிவகாசி எங்கே, பழவேற்காடு எங்கே என்று கேட்பீர்கள். பழவேற்காடு என்றால் பலருக்கு ஏரியும் பூநாரையும் டச்சுக் கல்லறையும்தான் ஞாபகம் வரும். இந்தியாவின் மிகப் பெரிய பட்டாசு வெடிக்கும் இடம் எங்கள் வாசலில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்! ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வடக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா. 1971-லிருந்து அங்கே ராக்கெட் விடுகிறார்கள். அதன் திட எரிபொருளிலும் அலுமினியப் பவுடர் உண்டு, ஆக்சிஜன் கொடுக்கிற உப்பு உண்டு. புஸ்வாணத்துக்குப் பெரியப்பா முறை என்று வையுங்களேன். எத்தனை படித்தவர்கள், எத்தனை பாதுகாப்பு! ஆனாலும் 2004 பிப்ரவரி 23-ல் அங்கே திட எரிபொருள் பிரிவில் நடந்த வெடிவிபத்தில் ஆறு பேர் இறந்தார்கள். மருந்து ஆளைப் பார்ப்பதில்லை.

ராக்கெட் விடும் நாளுக்கு முன்பே எங்கள் குப்பங்களுக்குத் தகவல் வந்துவிடும். அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. எரிந்து முடிந்த பாகங்கள் கடலில்தான் விழும். ஒரு நாள் தொழில் போனால் அந்த நாளின் வருமானம் போனதுதான். அதைப் பற்றிப் புலம்பல் நிறைய உண்டு. ஆனால் "ஏன் போகக் கூடாது?" என்று கேட்கிறவரை நான் கண்டதில்லை. தலைக்கு மேலே நெருப்பு போவதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறோமே. கேட்பதெல்லாம் "அன்னிக்கு சோத்துக்கு இன்னா பண்றது?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரியப்பாவின் கடை.

பெரியப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. வலை இழுக்க முடியாது. தீபாவளிக்குப் பத்து நாள் பட்டாசுக் கடை போட்டால் வட்டிக் கடனில் பாதியை அடைத்துவிடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மொத்த வியாபாரி ஒருவரிடம் எட்டாயிரம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். பிறகுதான் லைசென்ஸ் ஞாபகம் வந்தது. தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். இடத்தின் வரைபடம், இடத்துக்காரர் சம்மதக் கடிதம், வரி ரசீது, போட்டோ எல்லாம் வேண்டும். போலீஸ், தீயணைப்பு, வருவாய்த் துறை மூன்றும் பார்த்துச் சொன்னால்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஒரு படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ரேஷன் கார்டிலிருந்து மீனவர் நிவாரணம் வரை எல்லாத் தாளும் என்னிடம்தான் வரும். இதுவும் வந்தது. "நீதான் டிராயிங் எல்லாம் போடுறியேம்மா, ஒரு படம் போட்டுக் குடு" என்றார் பெரியப்பா.

படம் போடுமுன் விதியைப் படித்தேன். 2008 விதிகளில் 84-வது விதி தற்காலிகக் கடையைப் பற்றியது. கொட்டகை தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர். வீடு முதலான பாதுகாக்க வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர். ஒன்றையொன்று பார்த்தாற்போல் கடைகள் இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு கூடாது. மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும், ஒயரில் தொங்கக் கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மாஸ்டர் ஸ்விட்ச். ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. மாஸ்டர் ஸ்விட்ச் என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். நாம் படிக்கிறதுக்கு வெளியே ஓர் இடத்தில் வேலை இருக்கிறதே!

தம்பி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையோடு நடந்தேன். டேப் ஐந்து மீட்டர்தான். ஒவ்வொரு ஐந்துக்கும் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே போனோம். கடைத்தெருவில் ஒரு பொம்பளைப்பிள்ளை டேப் வைத்து அளந்தால் ஊரே வந்து நிற்கும். "ரோடு போடப் போறாங்களா?" என்று ஒருவர். "இல்ல, வீட்டை இடிக்கப் போறாங்க" என்று இன்னொருவர். அளந்து முடித்தபோது, பெரியப்பா பார்த்து வைத்திருந்த காலி மனையிலிருந்து டீக்கடை 19 மீட்டர். அதற்குப் பின்னால் குடியிருக்கும் வீடு 23 மீட்டர். டீக்கடையில் இரண்டு சிலிண்டர். எனக்குச் சங்கராபுரம்தான் ஞாபகம் வந்தது.

பெரியப்பா படத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

"ஐம்பதுன்னு சொன்னியே, இதுல பத்தொன்பதுன்னு போட்டிருக்கே?"

"அவ்ளோதான் பெரியப்பா இருக்குது."

"படத்துல அந்த டீக்கடையக் கொஞ்சம் தள்ளி வையேன். யாரு வந்து அளக்கப் போறான்?"

முடியாது என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "உன் முதல் வருஷ ஃபீஸ் கட்டினப்ப நான் எதை அளந்து பார்த்துக் குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கேட்டது நியாயம்தான். காது வளையத்தை விற்றுக் கட்டிய பணம் அது. பெரியம்மாவின் வளையம்.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. பொன்னேரியில் ஒருவர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் படம் போட்டுத் தருவார் என்ற பேச்சும் வந்தது. நைனா ஏரியிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார். என்னிடம் "நீ அளந்தது எவ்ளோ?" என்றார். சொன்னேன். "அப்ப அதையே எழுது" என்றார். அவ்வளவுதான், சோறு போடச் சொல்லிவிட்டார்.

19 மீட்டர் என்று எழுதிய படத்தோடு விண்ணப்பம் போயிற்று. லைசென்ஸ் கிடைக்கவில்லை. மொத்த வியாபாரி ஐந்தாயிரம் திருப்பிக் கொடுத்தார், மூவாயிரம் கொடுக்கவில்லை. பெரியப்பா தீபாவளியன்று என் தம்பிக்குக் கம்பி மத்தாப்பு வாங்கிக் கொடுத்தார். என்னோடு பேச ஒரு மாதம் ஆயிற்று.

இதில் யாரைக் குறை சொல்வது? 50 மீட்டர் என்று எழுதியவர் தப்பானவர் அல்ல. அந்தத் தூரம் இருந்திருந்தால் கடைத்தெருக்களில் செத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள். விண்ணப்பத்தைத் தள்ளிய அதிகாரியும் சரியாகத்தான் செய்தார். ஆனால் எங்கள் குப்பத்தில் வந்து பாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. இங்கே எவன் எந்தக் கடை போட்டாலும் 50 மீட்டர் கிடைக்காது. விதி 'இங்கே கூடாது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. எங்கே கூடும் என்று சொல்ல ஆள் இல்லை. அப்போது மனுஷன் என்ன செய்வான்? ஒன்று பெரியப்பாவைப் போல நஷ்டப்படுவான். இல்லை, படத்தில் டீக்கடையைத் தள்ளி வைப்பான். லைசென்ஸே இல்லாமல் கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைத்து விற்பதும் பல ஊர்களில் நடக்கிறதுதான். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கும் அடுப்புக்கும் எத்தனை மீட்டர் என்று எந்த விதி அளக்கும்?

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலதான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் தலைக்கட்டுக் கணக்கு வைத்து, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை போட்டுவிடுவார்கள். முறை இல்லாத நாளில் நல்ல இடத்தில் வலை கட்டக் கூடாது. கட்டினால் அபராதம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் என்று மூன்று ஊரில் பல தலைமுறையாக நடக்கிறது. இதைப் படிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். பாடு ஒன்றும் ராமராஜ்யம் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத மற்ற ஊர்க்காரர்களுக்கு அதனால் மனவருத்தம் நிறைய. பெண்களுக்கோ தலைக்கட்டே கிடையாது, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆனால் ஒன்று. இன்றைக்கு நீ போகாதே என்று சொல்லும் அதே வாய், உன் நாள் எது என்றும் சொல்லிவிடுகிறது. அதனால்தான் நைனா வலையைக் கரையில் வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துத் தூங்குகிறார்.

அரசாங்கத்துக்கு இது தெரியாத வித்தை அல்ல. சென்னையில் பாரிமுனைப் பக்கத்துக் குறுகிய தெருக்களில் நடந்த பட்டாசு வியாபாரத்தைத் தீவுத்திடலுக்குக் கொண்டுபோனார்கள். திறந்த வெளி, வரிசையாகக் கடை, தீயணைப்பு வண்டி. வியாபாரிகளுக்கு இடமும் கிடைத்தது, தெருவும் தப்பித்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்குத் தீபாவளிக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறது. இனிப்பு பெரிய காசு இல்லைதான். ஆனால் வருஷா வருஷம் ஒருவர் நினைவு வைத்து வருகிறாரே! எங்கள் ஏரியும் 1980-லிருந்து சரணாலயம்தான். பறவைக்காக இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று கேட்டிருக்கிறோம். இனிப்போடு வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் பாதுகாப்பு விதி எப்படி வந்தது என்பதற்கு ஒரு துக்கமான உதாரணமும் உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. உயிர்காப்பு உடை இல்லை, படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்கள். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. அன்று ஏரியில் குதித்துத் தேடியவர்களில் என் மாமாவும் ஒருவர். இன்றும் கிறிஸ்துமஸ் வந்தால் அவர் படகுத்துறைப் பக்கம் போகமாட்டார். அதன்பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. தடை நியாயம்தான். ஆனால் இத்தனை பேருக்கு மேல் ஏற்றாதே, இன்ன உடை போடு, இன்ன துறையில் பதிவு செய் என்று சொல்லிப் பத்துப் படகுக்கு முறையாக அனுமதி கொடுத்திருந்தால்? தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாகப் படகு போவதாகப் பேப்பரில் செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. திருட்டுத்தனமாகப் போகும் படகில் எத்தனை பேர் என்று எண்ண யார் நிற்பார்கள்?

சிவகாசியின் நாலுக்கும் இதையே சொல்வேன். அறைக்கு நாலு பேர் என்றால் மீதி ஆட்களுக்கு அறை எங்கே? எண்ணிக்கைக் கூலியை வைத்துக்கொண்டு நிதானமாக வேலை செய் என்றால் எப்படி? சி.எஸ்.ஐ.ஆர். நீரி பசுமைப் பட்டாசு கண்டுபிடித்துக் கொடுத்தது நல்ல வேலை. புகை குறையும். மருந்து செலுத்துகிற அம்மாவின் அறையில் ஐந்தாவது ஆள் உட்காருவதை எந்தக் கலவையும் தடுக்காது.

இவ்வளவு பேசுகிற நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். பொங்கல் முடிந்ததும் பெரியப்பாவும் நானும் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். (ஆமாம், பேச ஆரம்பித்துவிட்டார். எழுதியது நான், சொன்னது அவர்.) எங்களைப் போலக் கடை போட நினைத்து முடியாமல் போன இன்னும் மூன்று குடும்பமும் கையெழுத்துப் போட்டது. இரண்டு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. ஊருக்கு வெளியே வீடு எதுவும் இல்லாத ஒரு திறந்த மணல்வெளி இருக்கிறது. தீபாவளிக்குப் பத்து நாள் அதை ஒதுக்கித் தர வேண்டும், விதிப்படி கடை போடுகிறோம், தீயணைப்புத் துறை வந்து பார்க்கட்டும் என்று கேட்டிருக்கிறோம். தாலுகா ஆபீசில் வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. நான் மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறேன். அங்கே இருக்கும் ஓர் அக்கா என்னைப் பார்த்தாலே "வந்துட்டியா, பட்டாசு?" என்கிறார்.

போன வாரம் அவர் ஒரு தகவல் சொன்னார். மனுவோடு இடத்தின் சரியான வரைபடம் இருந்தால் மேலே அனுப்பச் சுலபமாக இருக்குமாம். ஒரு மாதிரி நோட்டில் போட்டு வைத்திருக்கிறேன். எட்டுக் கடை ஒரே வரிசை, எல்லாம் தெற்கே பார்த்து, நடுவில் மூன்று மூன்று மீட்டர், கிழக்கு ஓரம் மாஸ்டர் ஸ்விட்ச், மேற்கு ஓரம் மணல் வாளிகளும் தண்ணீர்ப் பீப்பாய்களும். சவுக்குத் தோப்பு, பஞ்சாயத்து ரோடு, கடைசி வீடு மூன்றிலிருந்தும் தூரம் அளந்து குறிக்க வேண்டும். கடைசி வீடு நூறு மீட்டருக்கு மேல் இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணால் பார்த்ததை நான் எழுத மாட்டேன், பெரியப்பாவும் இப்போது விடமாட்டார். ஐந்து மீட்டர் டேப்பை வைத்துக்கொண்டு மணலில் கோடு போட்டால் காற்று அழித்துவிடுகிறது. சிவில் துறை நண்பர்கள் யாராவது முப்பது மீட்டர் டேப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது. பொன்னேரியிலிருந்து பஸ் உண்டு. மதியம் எங்கள் வீட்டில் இறால் குழம்பு.